தறிக்கென வகுத்த பேட்டை

மேல்மலையனூரிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் சென்று ரயிலேறும் அன்பர்கள் பலர் சென்னை எழும்பூரில் இறங்குவர். அங்கிருந்து கூவம் ஆற்றைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் சிந்தாதிரிப்பேட்டையை அடையலாம். நெசவுத் தொழிலுக்கென்றே திட்டமிட்டு வகுக்கப்பெற்ற குடியிருப்பு அது. சங்க அங்கத்தினர்கள் ஒருமுறையேனும் அதனை நடந்து சுற்றிப் பார்த்தல் நலம்.

செஞ்சிக் கோட்டையின் மதில்களைக் கண்டு பழகிய நமக்கு அங்கே பெருஞ்சின்னம் எதுவும் தென்படாது. நேர் நேராக ஓடும் தெருக்களே அவ்வூரின் பழமைக்குச் சான்று. அருணாசல நாயக்கன் தெருவில் புகுந்து குறுக்குத் தெருக்களை நோக்கினால், தானே வளர்ந்த ஊர் இதுவன்று, முன்னரே அளந்து வகுத்த ஊர் என்பது விளங்கும்.

1734 ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராயிருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கும்பினி இக்குடியிருப்பை ஏற்படுத்தியது. கப்பலேற்றுவதற்கு வேண்டிய பருத்தித் துணி கோட்டைக்கு அருகிலேயே கிடைக்க வேண்டுமென்பது அதன் நோக்கம். சுங்குராமச் செட்டியாரின் தோட்டமாயிருந்த நிலம் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நூற்போர், நெய்வோர், துணியில் சித்திரம் எழுதுவோர், வெளுப்போர் ஆகியோர் அங்கே குடியேற்றப்பட்டனர். பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க நீண்ட வெளியும் நிழலும் நீரும் எவ்வளவு இன்றியமையாதன என்பதை நம் நெசவாள அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவியதாகப் பொதுவாகக் கூறுவர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் அருகருகே நின்று அப்பழைய குடியிருப்பை இன்றும் நினைவூட்டுகின்றன.

ஆயினும் இன்று அத்தெருக்களில் நடப்போர் செவியில் தறியோசை விழுவதில்லை. மீன் சந்தையாலும் பலவகைக் கடைகளாலும் பேட்டை இப்போது பெயர் பெற்றிருக்கிறது. இம்மாறுதலுக்குக் காரணம் என்ன? நெசவாளர்க்கு இடம் கிடைத்தது, தொழிலும் கிடைத்தது. ஆனால் அக்காலத் துணி வாணிபம் முன்பண முறையில் நடந்தது. முன்பணம் தந்தவரே துணியின் தரத்தையும் விலையையும் முடிவு செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து குவிந்தபோது கும்பினியின் துணிக் கொள்முதல் நின்றது. பிறர் கொள்முதலையே நம்பியிருந்த தறிகளுக்கு வேறு சந்தை இல்லை.

இதனைச் சிந்தித்துக்கொண்டே ஆற்றைக் கடந்து மீண்டும் எழும்பூருக்கு வருவோமாக. பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகம் இருக்கிறது. பேட்டை தோன்றி இருநூற்றோராண்டு கழித்து, 1935 இல் நிறுவப்பெற்றது அக்கூட்டுறவுச் சங்கம். நெசவாளர் சங்கங்களே அதன் அங்கத்தினர்கள். இங்குத் துணி விற்கும் அமைப்பே நெய்வோருக்கு உரியதாய் இருக்கிறது. பேட்டையில் இல்லாதிருந்தது இதுவே.

நிலக்கடலை விளைவிக்கும் நம் விவசாய அன்பர்களுக்கும் இது பொருந்தும். விதைக்கும் நாளிலேயே கடன் தந்தவரிடம் விளைச்சலை ஒப்புக்கொடுத்துவிட்டால், அறுவடை நாளில் விலை பேச வழியிராது. ஆகவே, அடுத்த பொதுக்குழுவில் வரவுசெலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது அங்கத்தினர்கள் தவறாது வந்திருந்து, கொள்முதல் விலை எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது எனக் கேட்டறிய வேண்டுகிறோம்.