வளவில் நின்ற மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஏ-40, மொறிஸ் மைனர் என்பவைதான் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயர் ஓடியவை இவையே. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியவையும் இவையே. எங்கள் சனத்தின் கெட்டித்தனம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் எஞ்சின்கள் பாதிக்கப்பட்டன. மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. மிச்சம் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். வால்வுகளில் கரி படியும்.

வலிகாமத்தில் நான் போய்வரும் வீடொன்றில் அப்படி ஓடிய கார் ஒன்று இருக்கிறது. 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சி.சி. எஞ்சின். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அதை வளவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 1996இல் திரும்பி வந்தபோது சில்லுகள் இருக்கவில்லை. அதே ஆண்டு கணவர் காணாமற்போனார். அதன்பின் இருபது வருடங்களுக்கு மேல் அந்தக் கார் நான்கு சீமெந்துக் கற்களின்மேல், தறப்பாளின் கீழ் நின்றது.

“இரும்பு விலைக்கெண்டாலும் குடுப்பம் அம்மா” என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா சம்மதிக்கவில்லை. “அப்பா வந்து கேட்டால் என்ன சொல்லுறது?” என்ற கேள்விக்கு மகனிடம் பதில் இல்லை. கடைசியில் அவவே ஒரு பெட்டி ஸ்பனர் வாங்கினா. அயலில் ஓய்வாக இருந்த பழைய மெக்கானிக் ஐயா ஒருவர் கதிரையில் இருந்தபடி சொல்லிக்கொடுத்தார். வாழ்வாதார உதவி என்றால் தையல் இயந்திரம், கோழிக்கூடு என்று அச்சடித்து வைத்திருக்கும் படிவங்களில் ஸ்பனருக்கு இடமில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐயாவின் முதற் கட்டளை, பெயின்ற்றைப் பற்றிக் கதைக்கவே கூடாது என்பது. பலர் பட்டி பூசிப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் அடியைப் பார்க்கிறார்கள். மொறிஸ் மைனரில் கறள் ஒளிந்திருப்பது கதவுகளின் கீழ்ப்பகுதியிலும், தரைத்தகட்டிலும், பின் வில்லுகள் பூட்டும் இடத்திலும். அம்மா திருப்புளியால் ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தா. திருப்புளி உள்ளே போன இடமெல்லாம் சோக்கால் வட்டம். வெட்டி ஒட்டும் வெல்டிங் வேலைக்கு மட்டும் கூலிக்கு ஆள் பிடித்தா. அது சரியான முடிவு. கார் உடலின் பலமே அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

காரின் கீழே படுக்குமுன் ஒன்று கவனியுங்கள், சகோதரிகளே. ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகக்கூடாது. சீமெந்துக் கல்லும் திடீரென வெடித்து நொறுங்கும். இரும்புத் தாங்கி அல்லது அகன்ற கனமான மரக்கட்டைகளை அடுக்கி, மற்றச் சில்லுகளுக்கும் தடை வையுங்கள். பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். அந்தத் தூசியை ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் கட்டி அகற்ற வேண்டும். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம் என்பதால், அதையும் நனைத்துத்தான் உரஞ்ச வேண்டும். பிள்ளைகள் ஓடி விளையாடும் வளவு என்றால் இன்னும் கவனம்.

பல வருடம் நின்ற எஞ்சினைப் பற்றறி போட்டு உடனே சுழற்றினால் உள்ளே இறுகிய வளையங்கள் உடையும். அம்மா நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒரு கிழமை பேசாமல் விட்டா. பிறகு, முன்னால் செருகிச் சுற்றும் கம்பியால் மெதுவாக அசைத்துப் பார்த்தா. முதல் நாள் அசையவில்லை. நாலாம் நாள் கால் சுற்று வந்தது. அன்று மகன் முதல்முறையாகக் கொட்டிலுக்குள் வந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்தார்.

பழைய ஒயில் முழுவதையும் வடித்தார்கள். தாங்கியைக் கழற்றி, அடியில் பசையாகிக் கிடந்ததைக் கழுவினார்கள். மின்சாரப் பெற்றோல் பம்பின் உள்ளே சிறு தொடுமுனைகள் உண்டு. அவை கருகினால் பம்ப் நின்றுவிடும். துப்புரவாக்கினால் பெரும்பாலும் வேலை செய்யும். பற்றறியில் ஒரு விசேஷம், இந்தக் காரில் நேர்முனைதான் உடலோடு பூட்டப்படும். பெரும்பாலான வாகனங்களுக்கு நேரெதிர். மகன் மாற்றிப் பூட்டப் போனபோது ஐயா கதிரையை விட்டு எழும்பினாராம்!

எஞ்சின் ஸ்ராட் ஆகுமுன்னே பிறேக்கை முடித்தார்கள். நான்கு சில்லுக்கும் புது இறப்பர், புதுத் திரவம். பிறேக் திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் ஒயில் விட்டால் இறப்பர் ஊதிப் பழுதாகும். முன்சில்லு திரும்பும் இடத்தில் கீழே ஒரு மரை மூட்டு உண்டு. அதற்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்துவிடும். அம்மாவின் காரில் ஒரு பக்கம் மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது கார் வளவுக்குள் ஓடுகிறது. வீதிக்குப் போக வரிப்பத்திரமும் காப்புறுதியும் வேண்டும். பதிவுப் புத்தகமோ கணவரின் பெயரில். ஓர் அலுவலகத்தில், “மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ” என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்கள். அதை எடுக்க அம்மா மறுக்கிறா. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, மரணம் என்று ஒப்புக்கொள்ளாமலே ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ பெற வழியுண்டு. அதற்கு விண்ணப்பித்து, அதை வைத்து வாகனத்துக்கு என்ன செய்யலாம் என்று சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்க இருவரும் போவதாக இருக்கிறோம். இதே நிலையில் வாகனமோ காணியோ வைத்திருக்கும் வாசகிகளும் இலவச ஆலோசனையை அங்கே கேட்டுப் பாருங்கள். கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்.

ஞாயிறு தோறும் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விடுகிறா. கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் பழைய கைகாட்டிகளில் வலப்பக்கத்தது வேலை செய்கிறது. இடப்பக்கத்தது இறுகிக் கிடக்கிறது. அடுத்த லீவில் மகன் அதைக் கழற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.