இரண்டு கோல்களின் கணக்கு

போட்டி என்றால் ஒருவர் வெல்வதும் மற்றவர் தோற்பதும் இயல்பு. ஆனால், இரண்டு குழுக்கள் 120 நிமிடங்கள் பொருது, ஒரு கோலேனும் கூடாமலும் குறையாமலும் சமமாய் நின்ற பின்னரும், ஒன்று கிண்ணத்தைக் கைக்கொள்ள மற்றொன்று வெறுங்கையுடன் வீடு திரும்பிய வரலாறு உண்டு. அது 2012ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐரோப்பிய மகளிர் கழகங்களுக்கான கைப்பந்தாட்டச் சம்பியன் போட்டியின் இறுதிக் கட்டத்தில் நிகழ்ந்தது.

கைப்பந்தாட்டத்தைக் கரப்பந்தாட்டம் என்று மயங்கலாகாது. இங்கே நடுவில் வலை இல்லை. 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உடைய உள்ளரங்கில் பக்கத்துக்கு எழுவராக நின்று, பந்தைக் கையால் எறிந்து கோலுக்குள் செலுத்தும் ஆட்டம் இது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் எடுத்துவைத்தல் ஆகாது. கோலைச் சூழ்ந்து 6 மீற்றர் தொலைவில் ஒரு வளைகோடு உண்டு. அதற்குள் கோல் காப்பாளரையன்றி வேறெவரும் காலூன்றக் கூடாது. ஆதலால் வீராங்கனையர் கோட்டுக்கு வெளியே உந்தி எழுந்து, மீண்டும் நிலத்தைத் தொடுமுன் பந்தை எறிந்துவிடுவர். ஆட்டத்தின் அழகெல்லாம் அந்த ஒரு கண நேரத்திலேதான். உதைபந்தாட்டத்தைப் போல ஒன்றிரண்டு கோல்களுடன் இது முடிவதில்லை. ஒரு மணி நேர ஆட்டத்தில் ஒரு பக்கம் 25, 30 கோல்கள் பெறுவது வழக்கம்.

இப்போட்டியில் முதன்முதலாக 1961இல் வாகை சூடியவர்கள் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரக் கழகத்தினர். பின்னர் 1970 முதல் 1988 வரை கீவ் நகரத்து ஸ்பார்ட்டக் கழகம் 13 முறை வென்று, பிறர் நெருங்கவொண்ணாத புகழை எய்தியது. 2012இல் இறுதியாட்டத்துக்கு வந்த இரு கழகங்களுமோ அதுவரை இக்கிண்ணத்தைத் தொட்டறியாதவை. ஒன்று, மோட்டார் வண்டித் தொழிலால் செழித்த ஹங்கேரிய நகரமான ஜியோரைச் சேர்ந்தது. மற்றொன்று, மொன்டெனேக்ரோவின் தலைநகராகிய பொட்கொரிட்சாவின் புடூச்னொஸ்ட் கழகம். புடூச்னொஸ்ட் என்னும் சொல்லுக்கு எதிர்காலம் என்பது பொருள். 2006இல் தனி நாடாகிய மொன்டெனேக்ரோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 6 இலட்சத்து 20 ஆயிரமே.

அக்காலத்தில் இறுதிப் போட்டி ஒரே ஆட்டமாக நடைபெறவில்லை. இரு கழகங்களும் தத்தம் நாட்டில் ஒவ்வோர் ஆட்டம் ஆடும். இரண்டிலும் பெற்ற கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை சமமாயின், எதிரியின் மண்ணில் கூடுதலான கோல்களைப் பெற்ற கழகமே வென்றதாகும். அந்நிய அரங்கில், எதிரியின் ஆதரவாளர் ஆரவாரத்தினிடையே பெறும் கோல் அரிது. ஆதலால் அதற்கு மதிப்பு அதிகம் என்பதே இவ்விதியின் உட்கருத்து.

ஹங்கேரியில் நடந்த முதல் ஆட்டத்தில் ஜியோர் 29–27 என்ற கணக்கில் வென்றது. இரண்டு கோல் முன்னிலை! ஆயினும் புடூச்னொஸ்ட் கழகத்தினர் மனந்தளரக் காரணம் இருக்கவில்லை. எதிரியின் மண்ணில் பெற்ற 27 கோல்கள் அவர்களுடைய பெட்டியில் பத்திரமாக இருந்தன.

இனித்தான் கணக்கின் நுட்பம். சொந்த ஊரில் அவர்கள் மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் வழக்கே இல்லை. இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாலோ, எத்தனைக்கு எத்தனை என்பதைப் பார்க்க வேண்டும். 30–28 என்று வென்றால் கிண்ணம் ஜியோருக்கு. ஏனெனில் 28 என்பது 27இனும் பெரிது. 29–27 என்றால் எல்லாம் சமம். வேறு வழியிலே முடிவு காண வேண்டும். 28–26 அல்லது அதற்குக் குறைந்த கணக்கென்றால் கிண்ணம் பொட்கொரிட்சாவுக்கு. வெற்றியின் அளவு ஒன்றே, பலன் மூன்று! ஆகவே அன்று கோல் போடுவதைக் காட்டிலும் கோல் விடாமற் காப்பதே புடூச்னொஸ்டுக்கு முதற் கடமையாயிற்று. கோலில் நின்ற ஜெர்மனிய வீராங்கனை கிளாரா வோல்ட்டெரிங்கின் பொறுப்பு எத்தகையது என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆட்டம் 27–25 என்று முடிந்தது. இரு பக்கமும் 54 கோல்கள். வெளியூரில் புடூச்னொஸ்ட் பெற்றவை 27. ஜியோர் பெற்றவை 25. கிண்ணம் பொட்கொரிட்சாவிலேயே தங்கியது.

புடூச்னொஸ்டின் பொயானா பொப்போவிச் இதே கிண்ணத்தை டென்மார்க் நாட்டுக் கழகங்களுக்காக ஐந்து முறை வென்றிருந்தவர். 2009 இறுதியில் ஜியோரை வென்ற வீபோர்க் கழகத்திலும் அவர் இருந்தார். தாம் வளர்ந்த கழகத்துக்கு மீண்டு வந்து பெற்ற ஆறாவது வெற்றி இது. இதற்கு நேர்மாறானது யொவாங்கா ராடிச்செவிச்சின் நிலை. பொட்கொரிட்சாவிற் பிறந்து புடூச்னொஸ்டில் வளர்ந்த அவர், 2011இல் ஜியோருக்குச் சென்றிருந்தார். முந்திய ஆண்டு வரை தமக்காக முழங்கிய அரங்கில் எதிரியாக நின்று, கிண்ணத்தை இழந்து மீள நேர்ந்தது. மூன்று மாதங்களுள் அதே தோழியருடன் சேர்ந்து லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். இறுதியாட்டத்தில் நோர்வேயிடம் 23–26 எனத் தோற்றாலும், மொன்டெனேக்ரோவுக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. கழகத்தையும் நாட்டுக் குழுவையும் பயிற்றியவர் ஒருவரே: திராகன் அஜிச். அவ்வாண்டு டிசம்பரில் நோர்வேயை 34–31 என வென்று ஐரோப்பிய நாடுகளின் கிண்ணத்தையும் அவர்கள் கைப்பற்றினர்.

ஜியோரின் தலைவி அனித்தா கோர்பிட்ஸ் முதலானோர் ஓராண்டே காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் கிண்ணம் அவர்களைச் சேர்ந்தது. வெளியூர்க் கோலுக்குத் தனி மதிப்பளிக்கும் விதி இந்த ஆட்டத்துக்குப் பொருந்துமோ என்பது ஐயத்துக்கு உரியதே. கோல் அரிதாக விழும் உதைபந்தாட்டத்தில் அதற்கு நியாயம் உண்டு. கோல் மழை பொழிவதும், தாக்காமற் பந்தைக் கடத்திக்கொண்டிருப்பதே குற்றமாவதுமான கைப்பந்தாட்டத்தில் அந்த நியாயம் வலுவிழக்கிறது. அவ்விதி பின்னர் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 2014 முதல், இறுதிக்கு வரும் நான்கு கழகங்களையும் ஒரே நகரில் கூட்டி, ஒரே ஆட்டத்தில் சம்பியனைத் தீர்மானிக்கும் முறை வந்துவிட்டது. அம்முறையில் நடந்த முதலாவது இறுதியாட்டத்தில் சந்தித்தவர்கள் இவ்விரு கழகத்தினருமே. ஜியோர் 27–21 என வென்றது. வெளியூர்க் கோல் என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்கவில்லை. ஆட்டம் நடந்தது ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டில் என்பது வேறு விஷயம்.