வகுப்பறைத் தொட்டியில் நன்னீர் இறால்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. சுரக்குடியில் எங்கள் பள்ளி வாசலிலேயே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னை மறித்துக்கொண்டார்கள். "டீச்சர், எல்லாம் செத்துப்போச்சு!" வெள்ளிக்கிழமை கைதட்டி வரவேற்ற 20 செர்ரி இறால்களும் தொட்டியின் அடியில் வெளுத்துக் கிடந்தன. ஒரு மாணவி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "நாமதான் கொன்னுட்டோமா டீச்சர்?"

தொட்டி புதியது, கூழாங்கற்களைக் கழுவித்தான் போட்டோம், தண்ணீரும் தெளிவாக இருந்தது. அன்று அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்த பிறகு, தவறு என்னுடையது என்று வகுப்பில் சொன்னேன். உண்மையான பாடம் அதன் பிறகுதான் தொடங்கியது.

தெளிவு மட்டும் போதாது

நான் செய்த பிழைகள் இரண்டு. குழாய் நீரை அப்படியே ஊற்றினேன். கிருமி நீக்கத்துக்காகச் சேர்க்கும் குளோரின் இறாலின் செவுள்களைப் பாதிக்கும். நீர் நிரப்பிய அன்றே இறாலை விட்டது இரண்டாவது பிழை. குளோரினுக்குத் தப்பியிருந்தாலும் அடுத்த சில வாரங்களில் அம்மோனியா அவற்றைக் கொன்றிருக்கும்.

இறாலின் கழிவிலிருந்தும் மீந்த உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் இறாலுக்கு நஞ்சு. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு; அதைச் செடிகளும் எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் மணலிலும் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆண்டுதோறும் நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்த நான், தொட்டியில் அதை மறந்துவிட்டேன்.

இரண்டாம் முறை செய்தவை

1. குழாய் நீரை வாயகன்ற தொட்டியில் 24 மணி நேரம் திறந்து வைத்தோம். குளோரமைன் கலந்த நீருக்கு இது போதாது. வண்ணமீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி தேவை. கடலோரப் பகுதி என்பதால் ஆழ்குழாய் நீரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்க்கால் நீர் வேண்டாம். வயலில் தெளித்த பூச்சிமருந்து அதில் கலந்திருக்கலாம்.

2. ஸ்பாஞ்ச் வடிகட்டியை ஓடவிட்டு, வேலம்பாசி போட்டு, இறால் இல்லாமலே சிட்டிகை மீன் உணவு இட்டு வந்தோம். சோதனைத் துளி மருந்தால் அளந்ததை மாணவர்கள் வரைபடமாக்கினர். அம்மோனியா ஏறி இறங்கியது. பின்னர் நைட்ரைட் ஏறி இறங்கியது. இரண்டும் பூஜ்யமாக 5 வாரங்கள் ஆயின.

3. புதிய இறாலை உடனே தொட்டியில் கொட்டவில்லை. அவை வந்த நீரிலேயே ஒரு வாளியில் வைத்து, தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக 2 மணி நேரம் சேர்த்தோம். நீரின் தன்மை திடீரென மாறுவதை இறால் தாங்காது.

4. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுகிறோம். ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே பிழிகிறோம். குழாய் நீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் அழியும்.

5. 2 மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு, மீந்ததை எடுத்துவிடுவோம். பள்ளி வளாகத்து நாட்டு வாதுமையின் காய்ந்த இலை ஒன்றைப் போட்டால், அதன்மேல் படரும் நுண்ணுயிர்ப் படலத்தை இறால்கள் நாள் முழுவதும் மேயும்.

6. செம்பு கலந்த மீன் மருந்து, கொசுவர்த்தி, கொசு ஒழிப்புப் புகை எல்லாம் இறாலுக்கு எமன். புகை அடிக்கும்போது தொட்டியை மூடி, காற்று மோட்டாரைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும்.

நம் ஊர்க் கோடையில் கூடுதல் கவனம் தேவை. நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். அம்மோனியாவின் நச்சும் கூடும். தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள். விடுமுறையில் யார் பராமரிப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் தொட்டி என் வீட்டுக்கு வந்துவிடும்.

வகுப்பில் பயன்

ஒருநாள் "இன்னொண்ணும் செத்துடுச்சு!" என்று கூச்சல். பார்த்தால், இறால் கழற்றிப்போட்ட ஓடு! தோலுரித்தல் பாடத்தை அன்று புத்தகம் இல்லாமலே நடத்தினேன். ஓட்டை எடுக்க வேண்டாம்; சுண்ணாம்புச் சத்துக்காக இறால்களே அதைத் தின்னும். தொடக்க வகுப்பினர் பார்த்து வரையலாம். உயர்நிலை வகுப்பினர் காரகாடித்தன்மை எண்ணையும் வெப்பநிலையையும் அளந்து பதிவு செய்யலாம்.

வயிற்றடியில் முட்டை சுமந்த இறாலை முதலில் கண்டவள், அன்று கேள்வி கேட்ட அதே மாணவிதான். ஏறத்தாழ ஒரு மாதத்தில், பெரிய இறாலின் அச்சாகவே குஞ்சுகள் வந்தன. குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நம்ம தொட்டித் தண்ணிய நாம பாத்துக்கறோம். வாய்க்கால்ல இருக்கற கூனிக்கு யார் டீச்சர் பாப்பாங்க?" அந்த ஆண்டு நீர் மாசுபாட்டுப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன்.

ஓர் எச்சரிக்கை. செர்ரி இறால் கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. பெருகிவிட்டதே என்று வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீர்கள். நம் நாட்டு இறாலுக்கு அது போட்டியாகிவிடும். வேண்டிய பள்ளிக்குப் பகிர்ந்து கொடுங்கள். கொடுக்கும் முன், அங்கே தண்ணீர் தயாராகிவிட்டதா என்று கேளுங்கள்.