நீரா, நெருப்பா?

"பெரட்டுக்குத் தப்படிச்ச நேரத்துல பொறந்தாளுங்க, ஐயா." அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், மகளுக்குச் சாதகம் கணிக்க வந்த தாய் சோதிடரிடம் சொன்ன பிறப்பு நேரம் இவ்வளவே. மாதம் சித்திரை, அதன் நடுப்பகுதி.

கதிரவன் உதிக்கையில் அவன் நிற்கும் இராசியே இலக்கினம். சித்திரையில் அது மேடம், நெருப்பு இராசி. ஏறக்குறைய ஒரு மணிநேரம் முந்தினாலோ மீனம், நீர் இராசி. விடியுமுன் வேலைக்கு அழைக்கும் தப்பொலி அவ்விரண்டின் எல்லையிலன்றோ நிற்கிறது!

நெருப்பென்றால் சினம், நீரென்றால் இளகிய நெஞ்சம் என்பர். வராகமிகிரர் ஐம்பூதங்களையும் கோள்களுக்கு வகுத்தார். இராசிகளின் நாற்பங்கீட்டிலோ ஆகாயத்துக்கு இடமேயில்லை. இக்குணப் பகுப்பை நான் நம்புகிறவனல்லன். ஆயினும் மாப்பிள்ளை வீட்டார் நெருப்புக்கு அஞ்சுவராம். சோதிடர் மீனமென்றே எழுதினார். அருகிலிருந்த நானும் மறுக்கவில்லை.

"மழையில கூடை சுமக்கிறவளுக்குக் கொஞ்சம் நெருப்பும் இருக்கட்டுமே, ஐயா" என்றார் அத்தாய்.