மொகஞ்சதாரோவின் வடிகால் சொல்லும் செய்தி

பழங்கால நகரம் என்றதும் அரண்மனையையும் மன்னனையும் தேடுகிறோம். இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் எழுந்த மொகஞ்சதாரோவோ நம் கவனத்தை வடிகாலின் பக்கம் திருப்புகிறது. 1922-இல் அகழாய்வு தொடங்கிய அந்த நகரில் நேரான வீதிகளும், வீட்டுக்குள்ளேயே கிணறும் குளியலறையும், கழிவுநீரைத் தெருவுக்குக் கொண்டுசெல்லும் மூடிய செங்கல் வடிகால்களும் கிடைத்தன. செங்கற்களோ 4:2:1 என்ற ஒரே விகிதத்தில் அமைந்தவை.

இத்தனை ஒழுங்குக்கு வலிமை மிக்க மன்னன் ஒருவன் இருந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஆனால் உறுதியாக அரண்மனை என்றோ அரச கல்லறை என்றோ சொல்லத்தக்க எதுவும் அங்கே கிடைக்கவில்லை. அப்படியிருந்தும், சுமார் 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹரப்பா என்ற மற்றொரு பழம் நகரிலும் அதே செங்கல் விகிதமும் அதே எடைக்கற்களும் வழங்கின. பெரிய வீடும் சிறிய வீடும் இருந்ததால் அது முழுச் சமத்துவ நகரம் அல்ல என்பதும் உண்மையே. ஆயினும், அங்கே பெரும் உழைப்பு மன்னர் புகழுக்கன்றி மக்களின் தண்ணீருக்கும் தூய்மைக்கும் செலவானது. ஒரு நகரின் நாகரிகத்தை அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் வேறில்லை.