பனையேறி மீனும் புதுமழையும்

கோடையில் வற்றி வெடித்துக் கிடந்த ஏரியில், முதல் மழைக்கு மறுநாளே மீன் துள்ளுவதைக் கண்டு, அது மழையோடு வானத்தினின்று விழுந்ததென்று எண்ணுவோர் கிராமங்களில் உண்டு. உண்மை வேறு. அவ்வாறு தோன்றும் மீன்களுள் ஒன்றாகிய பனையேறி, ஏரியின் ஈரச் சேற்றுக்குள்ளேயே கோடையைக் கழித்துவிட்டு வெளிவந்ததாகும்.

பனையேறி, அரைச்சாண் முதல் ஒரு சாண் வரை வளரும் சிறு மீன். ஏரி, குளம், சதுப்பு நிலம், நெல்வயல் முதலிய இடங்களில் தேங்கும் நன்னீரே அதன் இருப்பிடம். பாசி மண்டிக் கெட்ட நீரில் மற்ற மீன்கள் மூச்சுத் திணறி மாளும், பனையேறி மாளாது. அதன் செவுள்களுக்கு மேலே இருபுறமும் சிறு அறைகள் உள. அவற்றிலுள்ள மடிப்பு மடிப்பான தகடுகளின்மேல் இரத்தக் குழல்கள் பரவியிருத்தலால், அது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரே சுவாசிக்கின்றது. மேலே வரவொட்டாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே அது மூச்சடைத்து இறந்துபோம்.

செவுள் மூடியின் ஓரத்திலுள்ள முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரத்தரையில் ஒரு குட்டையினின்று மற்றொன்றுக்கு அது நகர்ந்து செல்லும். 1791ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தரங்கம்பாடியில், நீருக்கு ஐந்தடி உயரத்தில் பனைமரத்தின்மீது இம்மீனைக் கண்டதாக டால்டார்ப் என்ற அதிகாரி எழுதினார். அது 1797இல் லண்டனில் அச்சாயிற்று. பறவைகள் கவ்விச் சென்று மரத்தில் விட்டிருக்கலாம் என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து.

பருவமழை தொடங்கியதும் இம்மீன்கள் வாய்க்கால் வழியே நீரை எதிர்த்து ஏறி, புதுநீர் பரந்த வயல்களை அடைந்து முட்டையிடும். ஒரு பெட்டை ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். முட்டைகளில் எண்ணெய்த்துளி இருப்பதால் அவை நீரில் மிதக்கும். ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். விராலைப்போல் இது தன் குஞ்சுகளைக் காப்பதில்லை. ஆகையால் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் பெரும்பகுதி பிற பிராணிகளுக்கு இரையாகும், எஞ்சுபவை சிலவே.

ஏரி வற்றுங்கால் ஊத்தாவும் வலையும் கொண்டு கடைசி மீன்வரை பிடிப்பதும், புதுமழையில் வாய்க்காலின் குறுக்கே பறி வைப்பதும் எத்தகைய நஷ்டமென்பது இதனால் விளங்கும். அப்பறியில் விழுவது சினை மீன். அதைப் பிடிப்பது, வட்டியை விட்டு மூலதனத்தையே செலவழிப்பதற்கு ஒப்பாகும். ஓராண்டுக்கு மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் மறு ஆண்டைக் கருதாமலிருக்கலாம். ஏரியோ ஊருக்கு என்றும் உரியது.

ஆகவே ஏரியில் வற்றாத மடு ஒன்றையேனும் மீன் பிடியாமல் விட்டுவைத்தலும், முதல் மழை பெய்த சில வாரங்கள் வரை வாய்க்கால்களில் பறி வையாதிருத்தலும், அந்நாட்களில் வயலில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்த்தலும் நலம். குத்தகை எடுக்கும் சங்கங்கள் இவற்றைத் தம் நிபந்தனைகளிலேயே எழுதிக்கொள்ளலாம். இதற்குப் பணச்செலவு இல்லை. அங்கத்தினர்களின் ஒற்றுமை ஒன்றே வேண்டுவது.