புதிய நோய்க்குப் பழைய மருந்து

பயிரில் இதுவரை காணாத பூச்சி தென்பட்டால், கையிலிருக்கும் மருந்தைத் தெளித்துப் பார்ப்பது விவசாயிகளின் இயல்பு. சில வேளை பூச்சி மடியும். சில வேளை பூச்சி பிழைத்துப் பயிர் கருகும். 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் புதிய வைரஸ் நோய் உலகெங்கும் பரவியபோது மருத்துவர்களும் இத்தகைய நிலையிலேயே இருந்தனர். அப்போது பெற்ற அனுபவம் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

பழைய மருந்தை நாடுவது ஏன்?

ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்து, சோதித்து, நோயாளியின் கைக்குக் கொண்டுவரப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். நோய் அதுவரை காத்திராது. வழக்கத்திலுள்ள மருந்தாயின் அதன் அளவு, தீய விளைவு, தயாரிக்கும் முறை யாவும் முன்பே தெரிந்தவை. பல வேளைகளில் விலையும் குறைவு. ஆகவே, மலேரியாவுக்கும் முடக்குவாதத்திற்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், புழு நோய்களுக்கான ஐவர்மெக்டின், அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெதசோன் முதலிய மருந்துகள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

ஆனால், ஒரு மருந்தை மனிதர் உண்ணலாம் என்று தெரிந்திருப்பது வேறு. அது இந்த நோயைத் தீர்க்கும் என்று தெரிந்துகொள்வது வேறு. சோதனைக் குழாயில் வைரஸை அடக்கிய மருந்து மனித உடலிலும் அடக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பாத்தி பிரித்துப் பார்த்தல்

புதிய உரத்தின் பலனை அறிய வயலைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு உரமிட்டு, சிலவற்றை இடாமல் விடுகிறோம். இடாத பாத்தி இல்லையேல், நல்ல மழையால் விளைந்ததையும் உரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். கொரோனாவிலும் இவ்வாறே நேர்ந்தது. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறக்கூடியவர்கள். ஆயினும் அவர்கள் விழுங்கிய மாத்திரைக்கே பெருமை போய்ச் சேர்ந்தது.

எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்யும் முறையை, 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் வகுத்தார். வயலில் பிறந்த அம்முறையே பின்னர் மருத்துவத்துக்கும் சென்றது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வும் இம்முறையைப் பின்பற்றியதே. வீட்டிலிருந்தே மருந்துண்ட நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமடைய முடியும் என்பதை அது காட்டிற்று.

சோதனை கூறிய விடை

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 2020 மார்ச்சில் பிரிட்டனில் ‘ரிகவரி’ என்னும் பெரும் சோதனையைத் தொடங்கினர். அதில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 நோயாளிகளில் நூற்றுக்கு 27 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். அதைப் பெறாத 3,155 பேரில் நூற்றுக்கு 25 பேர் இறந்தனர். உலகமே தேடியலைந்த அம்மாத்திரையால் உயிர் காக்கப்படவில்லை. மாறாக, அதை நாள்தோறும் உண்ண வேண்டிய முடக்குவாத நோயாளிகளுக்குப் பல நாடுகளில் மருந்து கிட்டாமற்போயிற்று.

அதே சோதனையில், 1950-களின் இறுதியில் உருவான மலிவான டெக்சாமெதசோன் வேறு விடை தந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் இம்மருந்தைப் பெறாதோர் நூற்றுக்கு 41 பேர் இறக்க, பெற்றோரில் 29 பேரே இறந்தனர். பிராணவாயு மட்டும் பெற்று வந்தவர்களில் இறப்பு 26-இலிருந்து 23 ஆயிற்று. ஆனால், பிராணவாயுவே தேவைப்படாதவர்களுக்கு இதனால் பயன் இல்லை. தீங்கு நேரலாம் என்றே கணக்கு சுட்டியது.

காரணம் எளிது. நோயின் தொடக்கத்தில் வைரஸ் பெருகுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதனுடன் போரிடுகிறது. பின்னர் சிலருக்கு அச்சக்தியே கட்டுமீறி நுரையீரலைத் தாக்குகிறது. டெக்சாமெதசோன் அதனை அடக்கும் மருந்து. பிற்பகுதியில் கொடுத்தால் உயிர் காக்கும். முற்பகுதியில் கொடுத்தால் போரிடும் கையையே கட்டிவிடும். கதிர் பால் பிடிக்கும்போது பயிரைக் காக்கும் நீர், அறுவடை நாளில் அதையே கெடுப்பதில்லையா?

இதை மறந்ததன் விலையை 2021-இல் நம் நாடு கண்டது. கொரோனா கண்ட நீரிழிவு நோயாளிகள் பலரைக் கருப்புப் பூஞ்சை நோய் தாக்கிற்று. சிலர் கண்ணையும், சிலர் உயிரையும் இழந்தனர். ஸ்டீராய்டு மருந்துகளைத் தேவையின்றியும் அளவு மீறியும் உண்டது இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று.

நம் வட்டாரத்தில் நேர்ந்தது

அவ்வாண்டுக் கோடையில், ஓர் ஊராட்சியின் உறுப்பினர்கள் ஐவர்மெக்டின் மாத்திரையை மொத்தமாக வாங்கி வீடுதோறும் வழங்க விரும்பி நம்மிடம் வந்தனர். நோக்கம் நல்லது, மறுக்க நமக்கும் மனம் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டோம். “கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் யார் பிரித்தறிந்து கொடுப்பது?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நம்மிடம் விடையில்லை. திட்டம் கைவிடப்பட்டது. அப்பணம் காய்ச்சல் கண்டவர்களின் பிராணவாயு அளவைப் பார்க்கும் சிறு கருவிகளுக்குச் செலவாயிற்று. 2021 செப்டம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தன் சிகிச்சை நெறிமுறையிலிருந்து ஐவர்மெக்டினையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் நீக்கிற்று.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. எந்தப் புதிய நோய் பரவினாலும், மருத்துவரின் ஆலோசனையின்றி மருந்து வாங்கி வழங்கத் தீர்மானம் போடலாகாது.

2. மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கும் பழக்கத்தின் தீமையைக் கிராம சபையில் எடுத்துரைக்க வேண்டும்.

3. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுக்கும் குடற்புழு மருந்தை மனிதர் உண்ணாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தின் பெயர் ஒன்றாயினும் அளவும் தயாரிப்பும் வேறு.

4. மூச்சுத் திணறல் கண்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வாகன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

பழைய மருந்து புதிய நோயைத் தீர்க்கக்கூடும். அதை டெக்சாமெதசோன் மெய்ப்பித்தது. ஆனால், எது தீர்க்கும், யாருக்குத் தீர்க்கும், எப்போது தீர்க்கும் என்பவற்றைச் சோதனைதான் சொல்ல வேண்டும், ஊர்ப்பேச்சு சொல்லலாகாது. விதையைச் சோதித்து விதைக்கும் விவசாயிக்கு இவ்வுண்மை புதியதன்று. வயலில் காட்டும் அதே நிதானத்தை வாயில் போடும் மருந்திலும் காட்டுவோமாக.